நகக்கண்ணில் பச்சை

சம்ரீன் சோற்றில் கை வைத்ததும் ஜெகபர் சாதிக் பார்த்துவிட்டார். நகக்கண்ணெல்லாம் பச்சை. நகைக் கல்லுக்கு மெருகேற்றுகிற தூள் அது. சோப்பு போட்டாலும் லேசில் போகாது. ஒரு காலத்தில் ஜும்மாவுக்கு ஒளு செய்யக் கை கழுவும்போது அவரும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர், "கல்லுப் பட்டறைப் புள்ளையா?" என்பார். அப்படிக் கேட்டால் அவருக்கு மனசு குளிரும்.

"கிளாஸ் முடிஞ்சிருச்சு நன்னா. இனிமே பட்டறையில இருந்து வேலை பழகணும். உறையூர்ல ஆசீர்னு ஒருத்தர் எடுத்துக்கிறாராம்" என்றாள் பேத்தி.

"எந்த ஆசீரு? எடதுகைக்காரனா?"

"ஆமா. தெரியுமா?"

தெரியாமல் என்ன? இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டறையில் சேர்ந்தவர்கள். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தவர்கள். சாதிக் சவூதிக்கு வண்டி ஓட்டப் போன அன்று ஸ்டேஷனுக்கு ஆசீர் வரவில்லை. அதோடு பேச்சு நின்றது.

"வேணாம். என் கல்லையே தன்னோடதுன்னு சாதிச்ச பய அவன்."

ஸ்ரீரங்கத்தில் மண்டபத்து மாடியில் வயசுப் பிள்ளைகளுக்குச் சும்மா கல் தீட்டச் சொல்லித் தருகிறார்கள் என்று அவள் சொன்னபோதே அவருக்குச் சந்தேகம்தான். சும்மா எவன் என்ன தருவான்?

சம்ரீன் தட்டைத் தள்ளி வைத்தாள். "வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க. இது போச்சுன்னா மறுபடி துணிக்கடையிலதான் நான் நாள் பூரா நிக்கணும்."

மறுநாள் டவுன் பஸ் ஏறி உறையூர் போனார்கள். ஆசீரின் பட்டறையில் அந்தக் காலத்து மிதிச் சக்கரம் இல்லை, மோட்டார்தான். காய்ச்சிய அரக்கு வாசனை மட்டும் அதேதான்.

"வாய்யா சவூதி! தலையெல்லாம் பாலைவனமாயிருச்சே!" என்றார் ஆசீர்.

"உன் தலையில மட்டும் காவேரியா ஓடுது?"

ஆசீர் சிரித்துக்கொண்டே மேலே காட்டினார். அவர்கள் வேலை பழகிய பழைய பட்டறையின் மரச்சட்டம். புதிதாகச் சேருகிறவர் தீட்டும் முதல் கல்லை விற்கக் கூடாது, அரக்கு வைத்து அந்தச் சட்டத்தில் ஒட்டிவிட வேண்டும். அந்தப் பட்டறை வழக்கம் அது. பட்டறையை இடித்தபோது சட்டத்தை மட்டும் கழற்றி வந்திருக்கிறார். ஓரத்தில் இரண்டு சிவப்புக் கல். ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல்.

"பளபளன்னு இருக்குதே, அது உன்னோடதுதான்யா. நான் தோத்துட்டேன், போ."

"இப்ப எதுக்கு விட்டுக்கொடுக்கிற? உனக்கு என்ன வேணும்?"

"உன் பேத்தி வேணும். மண்டபத்துல இவ கை வேலையைப் பாத்தேன். நல்லா வரும்."

சாதிக் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சம்ரீன் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பளபளப்பான கல்லுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பட்டைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டேய், இது நீ தீட்டினதுடா. எடதுகைச் சாய்வு அப்படியே தெரியுது. அந்த அழுக்குக் கல்லுதான் என்னோடது."

"அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்ன. ஸ்டேஷனுக்கு வரலியே?"

"வந்தேன்டா. ரயிலு கெளம்பிப் போச்சு."

பொய்யாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டார் சாதிக்.

"சரி, இவ கல்ல எங்க ஒட்டப் போற?"

ஆசீர் சட்டத்தின் கடைசியைக் காட்டினார்.

"அங்க வெளிச்சமே படாதுய்யா. நம்ம ரெண்டு பேர் கல்லுக்கும் நடுவுல ஒட்டு."