ஏழு பெயர்ச்சொல், ஒரு தேதி

வாசிப்புத் திறன் என்றால் வாசிப்பது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு என்று எனக்குப் புரியவைக்க அரசாங்கம் ஐந்து நாள் ஒதுக்கியிருந்தது.

பயிற்சியின் பெயர் ‘செய்தித்தாள் வழி ஆங்கில வாசிப்பு’. நடத்த வந்தவர் நவநீதகிருஷ்ணன். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிள்ளைகளைக் காலை முதல் இரவு வரை விடைகளை மனப்பாடம் செய்யவைத்துப் பெயர் வாங்கியவராம். அவரைப் பிடித்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்க அனுப்பிய புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் நாற்பது ஆசிரியர்கள். வட்டார வள மையத்தின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம். கீழ்த்தளத்தில் கல்வி அலுவலகம். முதல் நாள் காலையிலேயே கருத்துப் படிவத்தைக் கொடுத்து, ‘பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடைசி நாள் கூட்டமாக இருக்குமாம்.

என் பள்ளி மேட்டுவளவில் இருக்கிறது. பதினான்கு பிள்ளைகள். தாய் தகப்பன் எல்லாம் ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறிக்குப் போகிறவர்கள். அடுத்த பள்ளிக்குப் போகவேண்டுமென்றால் மேட்டூர் ரோட்டைத் தாண்டவேண்டும். அந்த ரோட்டில் லாரிக்காரன் மாட்டுக்கே பிரேக் போடமாட்டான், ஆறு வயதுப் பிள்ளைக்கா போடப்போகிறான்? என் பள்ளி இருக்கிறவரை அந்தக் கவலை யாருக்கும் இல்லை.

கடைசி நாள் மதியம் நவநீதகிருஷ்ணன் ஓர் ஆங்கிலச் செய்தியை நகல் எடுத்துவந்தார். போன வாரத்துச் சேலம் பக்கத்துச் செய்தி. அதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதையும் பெருமையாகச் சொன்னார்: சரியாக ஐந்து பத்தி இருந்ததாம், குழுவும் ஐந்தாம். கத்தரிக்கோலால் ஐந்தாக வெட்டி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தார். முழுச் செய்தியையும் யாரும் பார்க்கக் கூடாதாம். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வைத்திருந்தார்.

எங்களுக்கு வந்த இரண்டாம் பத்தியில் ஓர் அதிகாரி மாணவர் எண்ணிக்கை குறைவதாக வருத்தப்பட்டிருந்தார். என்ன செய்தி என்று அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. துண்டை ஒட்டிய சார்ட்டைச் சுற்றிப் பூ போடுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் குழுவின் தலைவர் சபரிநாதன். ஸ்கெட்ச் பேனா எடுத்தாரென்றால் ஓவியர்தான். அவர் சார்ட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு விளக்கினார்.

“எங்க பத்தியில ஏழு பெயர்ச்சொல்லு இருக்குதுங்க சார். செவப்புல அடிக்கோடு போட்டிருக்கறோம். ஒரு தேதி இருக்குது. அதப் பச்சையில போட்டிருக்கறோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டே சார்ட்டைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே மூன்றாவது பெயர் மேட்டுவளவு.

எழுந்து பக்கத்தில் போய்ப் படித்தேன். பிள்ளைகள் குறைவாக உள்ள ஏழு பள்ளிகளை வேறு பள்ளிகளோடு இணைக்கப்போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு எழுத்துமூலம் இந்தத் தேதி மாலைக்குள் கொடுக்கவேண்டும். பச்சைக் கோடு போட்டிருந்த அந்தத் தேதி, அன்றைய தேதி. பட்டியல் கல்வி அலுவலக அறிவிப்புப் பலகையில் இருப்பதாகவும் போட்டிருந்தது. கீழே அதை ஒட்டிவைத்துவிட்டு, எங்களை மாடியில் உட்காரவைத்துப் பூப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

“சார், இது இன்னைக்குத் தேதிங்க” என்றேன்.

“வெரி குட் மேடம். தேதியக் கரெக்டா புடிச்சீங்க பாருங்க, இதுக்குப் பேருதான் ஸ்கேனிங்.”

“எம்பட பள்ளிக்கூடத்த மூடப்போறாங்கன்னு போட்டிருக்குதுங்க.”

“மேடம், விஷயத்துக்குள்ள போகாதீங்க. நமக்குத் திறன்தான் முக்கியம்.”

மற்றவர்கள் ஐந்தாம் குழுவின் சார்ட்டுக்குக் கைதட்டத் தயாரானார்கள். மாலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் போனால் ஐந்து நாளும் விடுப்பில் கழியும் என்று ஒருவர் எனக்கு நல்ல புத்தி சொன்னார், அவ்வளவுதான். சபரிநாதனிடம் போனேன். அந்த ஏழில் ஒன்று அவர் பள்ளி. தெரியாமல் கோடு போட்டிருப்பார் என்று நினைத்த நான் ஒரு மடச்சி.

“பாத்தனுங்க டீச்சர்” என்றார், குரலைத் தாழ்த்தி. “மூடுனா எனக்கு ஊட்டுப் பக்கமே போட்டுருவாங்க. நீங்க எதுக்குச் சும்மா இதக் கெளறறீங்க?”

சொந்தப் பள்ளியின் பெயருக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார் மனிதர். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

படிக்கட்டில் நின்று மாரக்காளுக்கு போன் போட்டேன். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அவர். மகள் ஒன்றாம் வகுப்பு. போனில் தறிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு தரம் கத்திச் சொல்லவேண்டியிருந்தது.

“நிறுத்திப்போட்டு வாரனுங்க டீச்சர்” என்று வைத்துவிட்டார். அவர் வருவதற்குள் மனுவை எழுதிவைத்தேன். யாரோ ஒருவருடைய டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார், தலையெல்லாம் பஞ்சு. கையெழுத்துப் போட்டார். கீழே தபால் வாங்கும் கலையரசனிடம் போனோம். அவர் மனுவைத் தொடவே இல்லை.

“மேல ஐயா கையெழுத்து இருந்தாத்தானுங்க சீல் வெப்பேன்.”

“ஐயா எங்கீங்க?”

“உங்க மாடியிலதான். நிறைவு விழா.”

கலையரசன் சொன்ன ஐயா, மாவட்டத்திலிருந்து வந்த அலுவலர், மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கதவருகே போனதும் நவநீதகிருஷ்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். மாரக்காள் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“சார், பாருங்க சார். செய்திய வாசிச்சு, உடனே அதுலயிருந்து ஒரு கடிதம் எழுதி, ஒரு பெற்றோரையே கூட்டிட்டு வந்திருக்காங்க. நம்ம பயிற்சியோட நேரடி விளைவு சார் இது.”

கைதட்டல். மாரக்காளை அலுவலருக்குப் பக்கத்தில் நிறுத்தி, மனுவை இருவரும் பிடித்த மாதிரி போட்டோ எடுத்தார்கள். மாரக்காள் என்னமோ நடந்துவிட்டதென்று நினைத்து, “மனசு வெக்கணுங்க சாமி” என்று கும்பிட்டார். அலுவலர் சிரித்துக்கொண்டே மனுவை நவநீதகிருஷ்ணனிடம் நீட்டினார். அந்த மனிதர் அதன் பின்புறம் பசை தடவி, சபரிநாதன் சார்ட்டுக்குக் கீழே ஒட்டிவிட்டார்.

ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுவரையே பெயர்த்திருப்பேன். நேரே போய் மனுவைப் பிய்த்தெடுத்தேன். ஒரு மூலை சார்ட்டோடு போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், கீழே பூட்டப் போகும் நேரம். அப்போதுதான் தோன்றியது: இங்கே யாருக்கு எதைப் படித்துக்காட்டி, யாரைக் கெஞ்சப்போகிறேன்? ஐந்து நாளாக இவர்கள் எதைப் படித்தார்கள்?

மேசை மேல் வைத்து, மாரக்காள் கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். ‘ஆட்சேபம் பெறப்பட்டது. மேட்டுவளவு பள்ளியை இந்த ஆண்டு இணைக்கவேண்டியதில்லை என உத்தரவிடப்படுகிறது.’ கோணல்மாணல் இல்லாமல், தெளிவாகத்தான் எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடும்.

“சார், வாங்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துங்க.”

அலுவலர் தாளைப் பார்த்தார்.

“ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கு மேடம்” என்றார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பக்கத்தில் நின்ற நவநீதகிருஷ்ணனும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கீழே கலையரசன் பச்சை மையைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். வரிகளின் பக்கம் கண்ணே போகவில்லை. சீலை ஓங்கிக் குத்தி, எண் போட்டு, அங்கேயே நகல் எடுத்து, அதிலும் ஒப்பம் போட்டு என்னிடம் கொடுத்தார். அசலைக் கோப்புக்குள் வைத்து அலமாரியைப் பூட்டினார்.

வெளியே வந்ததும் மாரக்காள் கேட்டார்: “என்னங்க டீச்சர் எழுதுனீங்க?”

சொன்னேன். அவர் என் கையிலிருந்த நகலை என்னவோ வெடிக்கிற சாமான் மாதிரி பார்த்தார்.

“அவரு பாட்டுக்குப் படிக்காமப் போட்டுட்டாருங்க. நாளைக்கு யாராச்சும் எடுத்துப் படிச்சுப் பாத்தா என்னங்க பண்றது?”

மாடியிலிருந்து மறுபடி கைதட்டல் கேட்டது. சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

“படிக்க மாட்டாங்க மாரக்கா” என்றேன். “அஞ்சு நாளாக் கூடவே இருந்து பாத்துட்டேன்.”