பேரிங் இறுகிய வீடு

லேத் பட்டறைக்காரர் தன் கையால் செய்த தொலைநோக்கியை மொட்டைமாடியில் பொருத்தி, முதன்முதலாக இடப்பக்கம் தள்ளிய மாலையில், அதோடு சேர்ந்து வீடும் திரும்பியது. கொடியில் காய்ந்த துணிகள் பக்கத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன. மறுநாள் தபால்காரர் வாசலைத் தேடி ஒரு சுற்று வந்து, சமையலறை ஜன்னல் வழியாகக் கடிதத்தை நீட்டிவிட்டுப் போனார்.

கோளாறு எங்கே என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். தொலைநோக்கியின் கண்ணாடியை ஒரு வருஷம் குளியலறையில் உட்கார்ந்து பொறுமையாகத் தேய்த்தவர், ஸ்டாண்டில் அவசரப்பட்டுவிட்டார். பழைய லாரிச் சக்கரத்தின் பேரிங்கை அதில் இறக்கி, ஆடக்கூடாதென்று நட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கியதில், வீட்டின் அஸ்திவாரத்தைவிட பேரிங் இறுகிப்போனது. தொலைநோக்கிக் குழாய் மேலும் கீழும் ஒழுங்காக அசைந்தது. பக்கவாட்டில்தான் வீட்டையும் இழுத்துக்கொண்டு போனது. கிரீஸ் தடவினார், சுத்தியலால் தட்டினார், கழற்றப் பார்த்து ஸ்பேனரை உடைத்தார். விரல் பட்டால் போதும், வீடு ஒரேயடியாகச் சுழன்று போய் நிற்கும். சனிக்கிரகம் குழாய்க்குள் வந்த வேகத்தில் வெளியே ஓடியிருக்கும்.

"அண்ணே, உங்க பாத்ரூம் ஜன்னல் எங்க வாசலையே பாத்துட்டு நிக்குது. சாயங்காலம் விருந்தாளி வர்றாங்க, கொஞ்சம் திருப்பி வைங்க," என்றார் எதிர்வீட்டு டெய்லர்.

மனைவியின் முகத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு அதிக வதையாக இருந்தது. குளியலறையைப் பறிகொடுத்து அவள் அல்லாடிய அந்த வருஷத்தில், சனியின் வளையத்தை முதலில் உனக்குத்தான் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதன்பின் வருஷங்கள் போயின. மகள் கல்யாணமாகிப் போனாள். வாக்கு மட்டும் அப்படியே நின்றது. ஒரு மாலை அவர் புது ஸ்பேனரையும் வீசியெறிந்தபோது அவள் மாடிப்படி ஏறி வந்தாள்.

"மேல நின்னு தள்ளுனா அப்படித்தான் ஓடும். கீழ போய் சுவத்துல தோள் குடுத்து மெதுவாத் தள்ளுங்க. நான் மேல நின்னு பாக்கறேன்."

"அப்ப நான் எப்பப் பாக்கறது?"

"முதல்ல எனக்குன்னு சொன்னது யாராம்?"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போய்ச் சுவரில் தோளை வைத்தார். வீடு நத்தையாக ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே பார்த்துக் கத்தினார்.

"தெரியுதா இல்லையா? தோள் விட்டுப்போச்சு!"

"பேசாம தள்ளுங்க," என்றாள். கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. "மோதிரம் போட்டுக்கிட்டு நிக்குது."

அவள் இறங்கி வந்து தோள் கொடுப்பதற்குள் சனி, டெய்லர் வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. மறுநாள் மேகம். அடுத்த வாரம்தான் அவர் பார்த்தார். இன்றும் அந்த வீட்டில் ஒருவர் பார்க்க ஒருவர் தள்ள வேண்டும். தபால்காரர் ஒரு சுற்று வந்து, அன்றைக்கு வாசல் இருக்கும் பக்கமாகக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.