டி.எம். என்று ஆறு எண்கள்

அப்பா இறந்து ஆறு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆணியில் தொங்கிய அவருடைய ஸ்வெட்டரின் பையில் கையை விட்டு ரம்யா டைரியை வெளியே எடுத்தாள். அதில் அவருடைய பீடி வாசமும் பூண்டு வாசமும் இருந்தன.

தாள் வைத்த டைரி இல்லை. உள்ளங்கை அகலத்தில் மடித்துத் திறக்கிற கறுப்பு டிஜிட்டல் டைரி. மேல் பாதியில் சாம்பல் நிறத் திரை, கீழ்ப் பாதியில் நெருக்கமாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள். இருபது வருடத்துக்கு முன்பு அப்பா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட மெஸ்ஸுக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர், கேரட் மூட்டையை இறக்கி வைத்த கையில் இதைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே தமிழை எழுதிவிடுவார். பிறகு வீட்டுக்கு செல்போன் வந்தது. அது அம்மாவின் கையில்தான் இருந்தது. அப்பா எண்ணைப் பார்ப்பதற்கு டைரியைத்தான் திறப்பார்.

இன்று ஞாயிறு. சந்தைக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடிக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவர், ஆறு இருபதுக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இழுத்தது. ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது.

"ஏத்தா ரம்யா," என்று முருகவேல் சித்தப்பா முற்றத்திலிருந்து கூப்பிட்டார். "அண்ணன் டைரியில இருக்க நம்பருக்கெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லிரு. நாலு மணிக்கு எடுத்துரணும். மஞ்சு எறங்கிட்டா சுடுகாட்டுப் பாதையில கால் வைக்க முடியாது."

"சக்திவேல் அண்ணன் பழனி தாண்டிட்டாராம் சித்தப்பா. மூணு மணிக்குள்ள வந்துருவாரு."

சித்தப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"வரட்டும். பெத்த அப்பன் மொகத்தப் பாக்காதன்னு சொல்ல நான் யாரு? ஆனா நீர்மாலைக்குக் கொடம் தூக்கி நாந்தான் போவேன். கொள்ளியும் நாந்தான். இனி அவங்கூட ஒரு பேச்சுக் கெடயாதுன்னு அண்ணன் கோயில் முன்னால சூடத்த அணைச்சுச் சொன்னாரு. ஒம்பது வருசம் அந்தச் சொல்லக் காப்பாத்துனாரு. செத்த அன்னைக்கு நாம அத மீறுனா நல்லாவா இருக்கும்?"

அண்ணன் சக்திவேல் கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது ரம்யா பதினான்கு வயதுப் பிள்ளை. சூடம் அணைந்த புகை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அண்ணனின் எண்ணைக்கூட இன்று காலையில்தான் அவனுடைய பழைய சிநேகிதன் ஒருவனைப் பிடித்து வாங்கினாள்.

அவளுக்குப் போனில் பேசுவதே கூச்சம். இருந்தாலும் பரண் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, டைரியைத் தொடையில் விரித்து வைத்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். கமிஷன் கடை. விதைப்பூண்டுக்காரர். வில்பட்டி அத்தை. "அப்பா காலையில தவறிட்டாருங்க" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலைந்து தடவைக்குப் பிறகு அது வேறு யாரையோ பற்றிய செய்தி போல ஆகிவிட்டது.

மேலே புகையில் தொங்கிக்கொண்டிருந்த பூண்டுக் கட்டிலிருந்து ஒரு சருகு திரைமேல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டுப் பட்டியலை மறுபடி பார்த்தாள். இருபத்தொன்பது பெயர்கள். அவள் இதில் ஏற்றிக் கொடுத்தது இருபத்து மூன்று.

அந்த இருபத்து மூன்று அவளுக்கு மறக்காது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு, கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. திரை மங்கிவிட்டது என்று அப்பா டைரியை அவளிடம் கொடுத்தார். "நீதான ஃபிஸிக்ஸு. என்னன்னு பாத்துக் குடு." பின்மூடியைத் திறந்தால் காசு போல இரண்டு பட்டன் பேட்டரிகள். இரண்டையும் ஒன்றாக நெம்பி எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டைப் போட்டாள். அதற்கப்புறம்தான் மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றை மாற்றும்போது மற்றது உள்ளே இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து எடுத்தால் சேமித்தது எல்லாம் அழிந்துவிடும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"பழசாயிருச்சுப்பா. அதுவாவே அழிஞ்சிருச்சு," என்றாள். அந்தப் பொய் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

அப்பா வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கும் வயசாகுதுல்ல," என்றார்.

அன்றைக்கே அம்மாவின் போனையும் பழைய பில்களையும் வைத்துக்கொண்டு எண்களைத் திரும்ப ஏற்றினாள். அப்பா அடுப்புக்கு எதிரே குந்தி, பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்து மூன்றில் நின்றது. "வேற யாருப்பா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். பிறகு பரணை அண்ணாந்து பார்த்து, "அம்புட்டுத்தான்," என்றார்.

கூடுதலாக இருந்த ஆறும் கடைசியில் வரிசையாக இருந்தன. ஆறுக்கும் ஒரே பெயர். டி.எம். என்று இரண்டே எழுத்து. ரம்யா முதல் எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தறி ஓடுகிற சத்தம்.

"நான் பூம்பாறையில இருந்து பேசறேங்க, கொடைக்கானல் பக்கம். செல்லப்பாண்டி பொண்ணு. அப்பா காலையில தவறிட்டாருங்க."

"எந்தச் செல்லப்பாண்டிங்க?"

"உங்க நம்பர் அவரு டைரியில இருந்துச்சு."

தறிச் சத்தம் குறைந்தது. அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"ஒரு பெரியவரு ஞாயித்துக்கிழமையானா கூப்பிடுவாருங்க. பாப்பா இருக்காளான்னு கேப்பாரு. ராங் நம்பருங்கன்னா, மன்னிச்சுக்க தாயின்னு வச்சுருவாரு. மூணு தடவை வந்துச்சு. மூணாவது தடவை, பாப்பா பேரு என்னங்கய்யான்னு நானே கேட்டேன். சொல்லாம வச்சுட்டாரு. அவருங்களா?"

"தெரியலங்க," என்றாள் ரம்யா.

"அவரா இருந்தா பாவம் கண்ணு. மெதுவாத்தான் பேசுவாரு."

மற்ற ஐந்தை அவள் கூப்பிடவில்லை. கமிஷன் கடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஆறையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாள். முதல் ஏழு இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். கடைசி மூன்று மட்டும் மாறிக்கொண்டு வந்தது. 479. 497. 749. 794. 947. 974. மூன்று இலக்கங்களை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய அப்பா ஆறையும் அடுக்கிப் பார்த்திருந்தார்.

தன் போனை எடுத்துக் காலையில் அண்ணனைக் கூப்பிட்ட எண்ணைத் தேடினாள். முதல் ஏழு இலக்கம் அதுவேதான். முடிவு 471.

ஒன்பது இருந்த இடத்தில் ஒன்று. அவ்வளவுதான் பிசகு.

சீட்டை நான்காக மடித்து டைரிக்குள் வைத்து மூடினாள். அம்மா உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அழுது ஓய்ந்து, அவருடைய நெற்றிக் காசு நழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே ரோட்டில் கார் வந்து நின்றது. வீடு ரோட்டிலிருந்து பன்னிரண்டு படி கீழே. ரம்யா ஏறிப் போனாள். சக்திவேல் இறங்கி நின்றிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கயிறு கட்டிய ஷூ. காருக்குள் அவன் மனைவி நதியாவும் ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் இருந்தார்கள்.

"தமிழ்மதி, எறங்காத. பனியா இருக்கு," என்றான் அவன் குழந்தையிடம்.

டி, எம். ரம்யா கையிலிருந்த டைரியைப் பார்த்தாள்.

"உள்ள வாண்ணே. அம்மா உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

"இங்கயே நிக்கிறேன். தூக்கறப்ப பாத்துக்கறேன்."

"சித்தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சித்தப்பாவுக்காக இல்ல." அவன் கீழே கூரையைப் பார்த்தான். "அப்பா என்னய வேணாம்னுட்டாரு ரம்யா. உனக்குத் தெரியாது. இவ பொறந்ததுல இருந்து எங்க வீட்டுக்குப் போன் பண்ணிட்டுத்தான் இருந்தாரு. சந்தை நாளு, பத்தரை மணிக்கு, ஏதோ ஓட்டல் லேண்ட்லைன்ல இருந்து. நான் எடுத்தா பேச மாட்டாரு. இருமுவாரு. நான் போனை நதியாகிட்ட குடுத்துருவேன். அவ பாப்பாகிட்ட குடுப்பா. எங்கூடத்தான பேச மாட்டேன்னு சூடத்த அணைச்சாரு. பாப்பாகூடப் பேச மாட்டேன்னு அணைக்கலல்ல."

சிரிப்பு போல ஒன்று அவன் முகத்தில் வந்து போனது.

"பூண்டு எத்தன எல விட்டிருக்கு, காட்டுமாடு எந்தக் காட்ல எறங்குச்சு, எல்லாத்தயும் பாப்பாகிட்ட சொல்லுவாரு. பால்குடிப் புள்ளகிட்ட பூண்டு வெலை சொல்லுவாரு. நான் பக்கத்துல நின்னு கேப்பேன்னு அவருக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"போன வருசத்துக்கு முந்துன கார்த்திகைல நான் பொறுக்க மாட்டாம போனைப் புடுங்கி, அப்பா ஒரு வார்த்த பேசுங்கன்னுட்டேன். மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. வச்சுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமையும் போன் வரல. பாப்பா ரொம்ப நாளு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தா."

"நீ திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா ஓட்டல்காரனுக்குத் தெரியும். ஓட்டல்காரனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். சத்தியத்த மீறுனாருன்னு அவர அசிங்கப்படுத்தவா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "என்னாலதான் போச்சு எல்லாம். கொள்ளி அவருக்குப் பிடிச்ச ஆளு வைக்கட்டும்."

ஞாயிறு. அதற்கடுத்த செவ்வாய் அவள் கையில் டைரி அழிந்தது. நடுவில் ஒரே ஒரு திங்கள்.

"அண்ணே," என்றாள்.

"ஏத்தா, அங்க என்ன சோலி? வெரசா வா," என்று கீழேயிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

அவள் படியிறங்கினாள். சித்தப்பா தலையில் துண்டைக் கட்டி, நீர்மாலைக்குப் போகச் செப்புக் குடத்தைக் கையில் எடுத்திருந்தார். முற்றத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அந்த டைரிப் பொட்டியையும் அவரு சட்டப்பையில வச்சு அனுப்பிரு ரம்யா. அது இல்லாம மனுசன் கக்கூசுக்குக்கூடப் போனதில்ல," என்றாள்.

இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

"வையி. ஆனா பேட்டரியக் கழட்டிட்டு வையி," என்றார் சித்தப்பா. "தீயில வெடிச்சு கிடிச்சுத் தொலைக்கும். எத்தன பேட்டரி?"

"ரெண்டு."

"ரெண்டயும் கழட்டிரு."

ரம்யா டைரியைத் திருப்பிப் பின்மூடியில் கட்டை விரலை வைத்தாள். அரை நிமிட வேலை. டி.எம். என்று இருந்த ஆறும் போய்விடும். மடித்து வைத்த சீட்டையும் உள்ளேயே விட்டுவிட்டால் எரிந்துவிடும். இந்த முறை அது எப்படி அழிந்தது என்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். சித்தப்பா குடத்தைத் தோளுக்கு ஏற்றினார். மேலே ரோட்டில் அண்ணன் காரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது.

"கழட்ட மாட்டேன் சித்தப்பா."

"ஏன், மூடி மாட்டிக்கிச்சா? ஃபிஸிக்ஸ் படிச்ச புள்ளைக்கு இது ஒரு வேலையா?"

கல்லூரியில் நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னாலே அவளுக்குக் கை வியர்க்கும். இப்போதும் வியர்த்தது. டைரி நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். ரோட்டுக்கும் கேட்க வேண்டும்.

"அப்பா ஞாயித்துக்கிழம சந்தைக்குப் போயி அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணுவாரு. பேத்திகூடப் பேசுவாரு. சத்தியத்த மீறல. அண்ணன்கூட ஒரு வார்த்தகூடப் பேசல."

முற்றத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதினாலு மாசமா போன் போகலன்னு அண்ணன் சொல்லுது. நிறுத்துனது அப்பா இல்ல. அவருகிட்ட இருந்த நம்பர் போயிருச்சு. மனசுல இருந்தத வச்சு மாத்தி மாத்தி ஆறு விதமாப் போட்டுப் பாத்துருக்காரு. ஆறும் இதுல கெடக்கு. ஒரே ஒரு இலக்கந்தான் தப்பு. யாரு யாரையோ கூப்பிட்டுப் பாப்பா இருக்காளான்னு கேட்டுருக்காரு."

சக்திவேல் காரை விட்டு விலகி, முதல் படியின் விளிம்புக்கு வந்திருந்தான்.

"டைரியில இருந்த நம்பர் எப்பிடிப் போகும்?" என்றார் சித்தப்பா. குடம் அவர் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. "அண்ணன் அத புள்ள மாதிரில்ல வச்சிருந்தாரு."

யாரோ இருமினார்கள். ரம்யா அந்த இருமல் முடியும்வரை காத்திருந்தாள்.

"அதுவா அழியல. ரெண்டு பேட்டரியையும் ஒண்ணாக் கழட்டி அத அழிச்சது நான். அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

மேலே சக்திவேல் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.