பந்து போட ஒரு வால்வு

ரேலீன் முழங்காலிட்டு ஸ்பேனரைக் கடைசி முறையாக இறுக்கியபோது, வராந்தாக் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அந்தப் பச்சை வால்வைத்தானே போட்ட?"

"நீ சொன்னதேதான்ப்பா. விட மாட்டியே."

அப்பா லாய்டுக்கு எண்பத்தொன்று. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் ரேலீனிடம் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் நாய் டஸ்டருக்கு இன்னொரு தடவை பந்து போட வேண்டும். கை எழும்பாது, கட்டைவிரல் மட்டும் அசையும். அதற்காகத்தான் இரும்புக் காற்றுத் தொட்டி, டென்னிஸ் பந்து நுழைகிற குழாய், இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தில் திறக்கிற வால்வு. கம்பியின் மறுமுனையில், அவருடைய போர்வை மேல், ஒரு பொத்தான்.

"அமுக்குப்பா."

அமுக்கினார். காற்று சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. பந்து குழாயிலிருந்து உருண்டு படிக்கட்டுப் பக்கம் விழுந்தது. டஸ்டர் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் எச்சில் துப்பினாலே இதைவிடத் தூரம் போகும்," என்றார் லாய்டு.

"உன் வால்வுதானே!"

"ஐம்பது வருஷமா லூசர்ன் புல்லுக்குத் தண்ணி பாய்ச்சின வால்வு. ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல."

"அதான் கோளாறே. தண்ணி வால்வு மெதுவாத்தான் திறக்கும், இல்லைன்னா குழாய் வெடிச்சிடும். பந்துக்குப் பட்டுன்னு திறக்கணும். இருபத்தாறு வருஷமா லாரி பிரேக் பார்க்கிறவ சொல்றேன், கேளு."

"அப்போ என்னுதைத் தூக்கி எறியப் போற."

அந்தக் குரல் அவளை எங்கோ குத்தியது. எறியத்தான் நினைத்திருந்தாள்.

"யாரு சொன்னா? லாரி வால்வுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கு. அதுல இருக்கிற காத்து வெளியேறினாத்தான் பெரிய வாய் திறக்கும். அந்தக் காத்தை வெளிய விடற வேலை உன் பச்சைக்கு. பந்தைத் தள்ளுற வேலை என்னுதுக்கு."

"அப்போ நான் சொன்னதும் சரி."

"பாதி சரி. சும்மா படு."

கொட்டகைக்கு ஓடி, பழைய லாரியிலிருந்து கழற்றி வைத்திருந்த பிரேக் வால்வை எடுத்து வந்தாள். அப்பாவின் மூச்சு நீண்டது, நின்றது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரையில் டேப் சுற்றினாள், முடுக்கினாள், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தாள். ஒரு குமிழி இல்லை. தன் வேலையைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நேரத்தைப் பற்றித்தான்.

"அப்பா. இப்போ."

கட்டைவிரல் அசைய நேரம் எடுத்தது.

டப்பென்ற சத்தத்தில் கூரையிலிருந்த கொக்கட்டூ கிளிகள் கூச்சலோடு கிளம்பின. பந்து தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, அறுத்த கோதுமைக் காட்டுக்குள் விழுந்தது. டஸ்டர் வேலிக்கு அடியில் நுழைந்து புழுதி பறக்க ஓடியது.

"சிக்ஸர்," என்றார் லாய்டு.

"சிக்ஸரேதான்ப்பா."

டஸ்டர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. பந்தைப் போர்வை மேல் வைத்துவிட்டு, நாலடி பின்வாங்கி, பதுங்கி, அவர் கையையே பார்த்தது.

ரேலீனும் பார்த்தாள். விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. மார்பு ஏறவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகும் ஏறவில்லை.

டஸ்டர் ஒரு முறை குரைத்தது.

அவள் எச்சில் ஒழுகும் பந்தை எடுத்துக் குழாயில் போட்டாள். தொட்டிக்குக் காற்றைத் திறந்துவிட்டு, அழுத்தமானியின் முள் ஏறும்வரை நின்றாள். கட்டிலருகே வந்து உட்கார்ந்து, அப்பாவின் கட்டைவிரல் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அமுக்கினாள். டஸ்டர் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது.