பச்சை இலைப் புகை

குளிர் வந்தால் திராட்சைக் கொடி தூங்கும் என்பார்கள். சங்கரன்கோவில் பக்கம் குளிருக்கு எங்கே போவது? இங்கே அது வருடம் முழுக்க விழித்தே கிடக்கும். என்றைக்குக் கிளைகளைக் கவாத்து வெட்டுகிறோமோ, அதிலிருந்து நாலாம் மாதம் பழம். லாபமும் நட்டமும் கத்தரி எடுக்கிற அந்த நாளில்தான் இருக்கிறது.

திருவேங்கடம் சாலையில் அடுத்தடுத்து இரண்டே திராட்சைத் தோட்டங்கள். ஒன்று பேச்சிராஜுடையது. மற்றது ஷேக் ஃபரீதுடையது. சவுதியில் உழைத்த பணத்தையெல்லாம் கல்தூணும் கம்பியுமாக நட்டு வைத்திருந்தார். கம்பத்துப் பழம் லோடு லோடாக இறங்கும் சந்தையில் இவர்கள் பழத்தைச் சீந்த ஆளில்லை. ஆடித்தபசுக்கு மட்டும் திருவிழாக் கடைக்காரர்கள் தோட்டத்துக்கே வந்து நல்ல விலைக்கு எடுப்பார்கள். அதுவும் ஒரு தோட்டத்துப் பழம்தான் செல்லும். அதனால் ஒரு வருடம் பேச்சிராஜ், மறு வருடம் ஃபரீது என்று வாய்ப்பேச்சாக முறை வைத்திருந்தார்கள்.

இந்த ஆடி ஃபரீதின் முறை.

போன கார்த்திகை மழையில் பேச்சிராஜின் பழமெல்லாம் வெடித்து அழுகிப்போனது. இன்னொரு தடவை கைநட்டம் வந்தால் கொடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம்தான் போட வேண்டும் என்று அவர் மனைவி சங்கரம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பங்குனியில் ஃபரீது ஒரு கல்யாணத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்த சமயம் பார்த்து, பேச்சிராஜ் ஆடியில் பழம் வருகிற மாதிரி தோட்டம் முழுவதையும் கவாத்து வெட்டிவிட்டார். வெட்டிய இலையைக் குவித்து நெருப்பும் வைத்தார். நோய் கண்ட இலையைத்தான் எரிப்பார்கள். இது நல்ல இலை. பச்சையாக இருந்ததால் தீப்பிடிக்காமல் புகைந்தது.

ஊர் திரும்பிய ஃபரீது புகையைப் பார்த்து ஓடிவந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நோய் விழுந்துட்டு பாய். வெட்டலைன்னா கொடியே போயிருக்கும்."

பேச்சிராஜின் கண்ணில் நீர் வழிந்தது. புகை செய்த வேலை. ஃபரீது அதை அழுகை என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குப் போய் கலங்குதியளே! இந்த ஆடிய நீங்களே எடுத்துக்கிடுங்க. நான் ஒரு மாசம் பிந்தி வெட்டுதேன்."

"உம்ம முறைல்லா பாய்..."

"நோய் முறை பாத்தா வருது? போங்க அண்ணாச்சி."

ஆடி வந்தது, விலையும் வந்தது. பழம் வெட்டுகிற அன்று ஃபரீது தன் பெட்டிகளையும் சுமந்துவந்து கொடுத்தார். அவர் மனைவி ஆமினாள் ஒரு கொத்தை ஏந்திப் பார்த்து, "கொடி பொழச்சிட்டு அண்ணே, அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தாள். பேச்சிராஜ் பெட்டி எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

தபசு அன்று மாலை ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. சங்கரநாராயணர் கோமதி அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற நேரத்தில், விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததை வீசிச் சூறை விடுவது வழக்கம். பருத்தியும் வத்தலும் தலைக்கு மேலே பறந்தன. பேச்சிராஜ் ஒரு பை நிறையத் திராட்சை கொண்டுவந்திருந்தார். பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

"எறியும்வே! சாமி முதுகுக்கா எறியப் போறீரு?" என்று பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள்.

என் விளைச்சல் என்று அம்மனிடம் எந்த வாயால் சொல்வது? கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், வண்டியை எடுத்து நேரே ஃபரீது வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பாய், கொடிக்கு நோயே வரல. விலைக்கு ஆசப்பட்டு வெட்டுனேன். இலைய எரிச்சது உம்மள நம்ப வைக்கத்தான்."

ஆமினாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"உங்க கொடி பொழைக்கணும்னு ஜும்மாவுக்கு ஜும்மா துஆ கேட்டேன் அண்ணாச்சி" என்றார் ஃபரீது.

பேச்சிராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏமாற்றியது பக்கத்துத் தோட்டக்காரரை மட்டும் என்றல்லவா இதுவரை நினைத்திருந்தார்.

"இனி வாற ரெண்டு ஆடியும் உம்மளது பாய்."

"அது கெடக்கட்டும். இப்பம் எம்பழத்துக்கு என்ன வழி? கம்பத்துப் பழத்தோட போட்டி போடவா?" முதல்முறையாக ஃபரீதின் குரல் உயர்ந்தது.

"நான் வித்துத் தாரேன்."

"நீங்களா? தெருவுல கூவியா?"

"கூவித்தான்."

ஃபரீது உள்ளே திரும்பி, "ஆமினா, அண்ணாச்சிக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

அடுத்த மாதம் பேச்சிராஜ் வண்டியின் பின்னால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் தெருவில் குரலே எழும்பவில்லை. சொந்தக்காரர்கள் நிறைந்த இளையரசனேந்தலில் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளத் தோன்றியது. போட்டுக்கொள்ளாமல் கூவினார்.

மேலநீலிதநல்லூரில் ஒரு பெண் பழத்தை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "தேனா இருக்கே! உங்க தோட்டத்துப் பழமா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. பக்கத்துத் தோட்டத்து பாய் பழம்."

"அடுத்தவுக பழத்த வெயில்ல அலைஞ்சு விக்கியளே, நல்ல மனசுதான் ஒங்களுக்கு."

பேச்சிராஜ் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல மனசு அவுகளுக்குத் தாயி" என்றார்.