பவானேஸ்வரியின் போனில் யார் வீட்டுப் பூனை?

பவானேஸ்வரியின் கைப்பேசிக்குள் ஒரு செம்பட்டைப் பூனை வந்து உட்கார்ந்திருந்தது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் அவர்கள் குடியிருக்கும் வரிசையில் யாரும் பூனை வளர்க்கவில்லை. அவளுக்கோ பூனை முடி பட்டாலே தும்மல் வரும். ஆனால் நேற்று எடுத்த படம் என்று தேதி காட்டுகிறது. பூனைக்குப் பின்னால் நீலச் சாயம் அடித்த சமையலறை, அடுப்பில் மீன் குழம்புச் சட்டி, சட்டியைப் பிடித்தபடி ஓர் ஆம்பிளைக் கை.

அந்தக் கைதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது. சுங்கை ஊடாங்கில் எண்ணெய் லோரி ஓட்டும் அவள் புருஷன் தர்மேந்திரன் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்குள் போனை அவர் மூக்கருகே நீட்டினாள்.

"என்னாங்க, இது யாரு வீட்டு அடுப்படி?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒன் போன்லதானே இருக்கு."

"கை ஒங்க கை மாதிரியே இருக்கு."

"என் கையில அவ்ளோ முடியா இருக்கு? நல்லா பாரு லா."

நல்லாத்தான் பார்த்தாள். இல்லை. மனுஷன் தப்பித்தார். ஆனால் அவள் குழப்பம் இரண்டு மடங்கானது. புருஷன் வேலையும் இல்லையென்றால் இந்தப் பூனை எந்த வழியாக உள்ளே வந்தது? மறுநாள் பார்த்தால் அதே பூனை மோட்டார் சைக்கிள் மேல் படுத்திருக்கிறது. அதற்கு மறுநாள் யாரோ ஒருவர் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். அவரைப் பார்த்ததும் பவானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடுத்த நொடி பயமும் வந்தது.

இம்மாதிரிச் சிக்கலுக்கு அந்த வீட்டில் ஒரே வைத்தியர் மகள் ரோகினிதான். ஆபீசில் நாள் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டுகிறவள், இரண்டு தட்டுத் தட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். ஆனால் அவளிடம் மட்டும் இந்தப் போனைக் கொடுக்க முடியாது.

காரணம் இருந்தது. போன வாரம் பவானேஸ்வரியின் இடது மார்பில் இருந்த கட்டியை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. புண் சிவக்கிறதா என்று பார்க்கத் தினமும் படம் எடுத்து வைக்கும்படி தாதி சொல்லியிருந்தாள். அந்தப் படங்கள் எல்லாம் போனில்தான் இருந்தன. ரோகினியிடம் தோள் வலி, அதனால் ஃபேக்டரிக்கு எம்.சி., மருத்துவ லீவு போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குப் பரிசம். பெண் பிடிவாதக்காரி. தெரிந்தால் பரிசத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். முடிவு எப்படி வந்தாலும் வரட்டும், அதுவரை மகள் சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று தாய் முடிவு கட்டியிருந்தாள். தர்மேந்திரனிடமும் சத்தியம் வாங்கியாகிவிட்டது.

ஆகவே பவானேஸ்வரி தனியாகப் பஸ் ஏறி, போனை வாங்கிய அலோர் காஜா கடைக்குப் போனாள். கடைக்காரன் திலீப் பூனையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"ஆன்ட்டி, தீபாவளி ஆபர் அன்னிக்கு நீங்க எல்லாரும் கோயில் வேன்ல வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? கோயில் பெண்கள் கூட்டமாக வந்து கடையையே இரண்டாக்கினார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "எங்களுக்கு என்னாத்த ஞாபகம் இருக்கும், நீயே ஒண்ணு வெச்சுக்க தம்பி" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். எல்லோரும் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். வேலைக்காட்டுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்ப் பழகியவர்களுக்கு, பாஸ்வேர்டைக் கடைக்காரனிடம் கொடுத்து வைப்பதில் என்ன தயக்கம்?

"அதான் எல்லாருக்கும் ஒரே அக்கவுண்டா போட்டுட்டேன். பாஸ்வேர்ட் முருகன் பேரும் ஒன் டூ திரீயும். மறந்தாலும் என்கிட்ட கேக்கலாம்ல."

"அதுக்கும் பூனைக்கும் என்னா சம்பந்தம்?"

"போன்ல 'பேக்கப் பண்ணவா'ன்னு எப்பவாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஓகேன்னு அழுத்துனேன். அது எது கேட்டாலும் நான் ஓகேதான் அழுத்துவேன்."

"ஹா, அதான் லா. ஒங்கள மாதிரியே இன்னொரு ஆன்ட்டியும் அழுத்திருக்காங்க. அவங்க எடுக்குற போட்டோ ஒங்களுக்கு வருது. நீங்க எடுக்குறது அவங்களுக்குப் போவுது."

"எல்லாமேவா?"

"எடுத்தது எல்லாமே."

"யாரு அவங்க?"

"அன்னிக்கு அவ்ளோ கூட்டம், யாருன்னு எப்படிச் சொல்றது ஆன்ட்டி? குடுங்க, நான் பாத்துப் பிரிச்சு வுடுறேன்."

அவன் கையை நீட்டினான். அவள் சட்டென்று போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். புண் சுரீர் என்று வலித்தது. பெற்ற மகளுக்கே காட்டாததை எவளோ ஒருத்தி, மீன் குழம்பு வைத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. கோயிலில் வாராவாரம் தன் பக்கத்தில் உட்கார்ந்து விபூதி வாங்கும் யாரோ ஒருத்திதான் அவள். பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ, யார் யாரிடம் சொன்னாளோ!

வேறொரு வாடிக்கையாளர் கூப்பிட, திலீப் அந்தப் பக்கம் போனான். தன் படங்களையாவது அழிக்கலாம் என்று அவள் போனைத் திறந்தாள். புதிதாக இரண்டு படங்கள் வந்திருந்தன.

முதல் படத்தில் நீலச் சுவர், ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கீழே திறந்த நெஞ்சு. முகம் இல்லை. இடது பக்கம் மார்பே இல்லை, குறுக்கே நீளமாக ஒரு தழும்பு. பழைய தழும்பு. காய்ந்து, வெளுத்து, தோலோடு தோலாகப் படிந்துவிட்டது. இரண்டாவது படத்தில் மடியில் செம்பட்டைப் பூனை, பக்கத்தில் ஒரு கோப்பை கோப்பி.

பவானேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது தனக்காக எடுத்ததா, அந்த அம்மாள் தன் பாட்டுக்கு எடுத்து வைத்ததா? தான் பார்ப்பது அவளுக்குத் தெரியுமா? மறுபடி மறுபடி இரண்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தழும்பு. பூனை, கோப்பி. தழும்பு. பூனை, கோப்பி. கடை நடுவிலேயே அவளுக்கு அழுகை வந்தது. பயந்துபோன இந்தப் பத்து நாளில் அவளிடம் யாரும் இவ்வளவு ஆறுதலாகப் பேசியதில்லை.

"பிரிச்சிரவா ஆன்ட்டி?" என்று திரும்பி வந்தான் திலீப்.

"இன்னிக்கு வேணாம் தம்பி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுலயே ஆள் இருக்கு."

சாயங்காலம் ரோகினி வந்து கைப்பையை இறக்குவதற்குள், பவானேஸ்வரி போனைத் திறந்து அவள் கையில் வைத்தாள்.

"எனக்குன்னு ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் குடும்மா. அதுக்கு முன்னாடி போட்டோ எல்லாம் பாத்துரு."

"ஐயோ, க்யூட்டா இருக்கு! யாரு வீட்டுப் பூனைம்மா?"

"தெரியல. தள்ளிப் பாரு."

ரோகினி தள்ளினாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா, இது யாரு?"

"அதுவும் தெரியல," என்றாள் பவானேஸ்வரி. நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் தள்ளு."