பத்தாவது ஜோடி

மாலை ஆறு மணிக்கு ரெனிட்டா சிஸ்டரின் போன் வந்துவிட்டால் மோகனாவுக்கு முகமே வேறு. காசிநாதனுக்கு வயிறு எரியும். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் “சாப்ட்டியா” என்று கேட்டால் ஒரு “ம்”. சிஸ்டர் கேட்டால் ஊர்க்கதை, சிரிப்பு.

மார்புக் கட்டிக்குக் கீமோ ஏற ஏற மறதி வரலாம், இப்போதிருந்தே மூளைக்கு வேலை கொடுத்துவையுங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ்தான் சொன்னாள். மோகனா ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்ப்பவள். இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே நிறத் தோலாகப் பார்த்து எடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரே பழுப்பு என்பதில் அவள் நாலு பழுப்பு காண்பாள். அதையே பயிற்சியாக்கிவிட்டாள் சிஸ்டர். தினம் இருபது துண்டுகளைக் கலைத்துப்போட்டுப் பத்து ஜோடி சேர்த்துப் போனில் சொல்ல வேண்டும். அதே கம்பெனியின் கட்டிங் பகுதியிலிருந்து துண்டு பொறுக்கிவருபவன் காசிநாதன். நோகாமல் நுங்கு தின்பவள் சிஸ்டர்.

“சிஸ்டர் மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன்!” என்றாள் மோகனா, திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அவன் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதனிடத்தில் வேறு தோலை வைத்தான். ஒரு நாள் தவறட்டும், போனும் சிரிப்பும் கசக்கட்டும்.

ஒன்பது ஜோடி சேர்ந்தது. மிச்சம் இரண்டையும் அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தாள். எல்லாவற்றையும் கலைத்து மறுபடி சேர்த்தாள். முடி கொட்டிய தலையில் கட்டியிருந்த துணி வியர்வையில் நனைந்தது.

“இன்னாங்க, இங்க வாங்களேன்.” வந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு சேரல. எனக்குப் போய்டுச்சிங்க. கம்பெனில இனிமே யாரு சேத்துப்பாங்க? சிஸ்டருக்குத் தெரிய வேணாம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் நாலு மாதமாக ஏங்கிக் கிடந்தான்.

“துண்டு மாறிப்போயிருக்கும்மா…”

“சும்மா சொல்லாதீங்க. நீங்க எடுத்தாந்தது என்னிக்காவது தப்பாயிருக்குதா?”

போன் அடித்தது.

“நீங்களே எடுங்க. நான் தூங்குறேன்னு சொல்லுங்க.”

எடுத்தான். “அக்கா, இன்னிக்கும் பத்துதானே?” என்று சிஸ்டர் சிரித்தாள்.

அவனுடைய மறு கை சட்டைப்பைக்குள் அந்தத் துண்டைப் பற்றியிருந்தது. மோகனா சேராத இரண்டையும் மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.